பனைகளை மேலிருந்து எண்ணுவது: செயற்கைக்கோள் படமும் களத்து நடையும்

ஒரு ஊரில் எத்தனை பனை நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் செயற்கைக்கோள் படத்தின் முன் உட்கார்ந்து எண்ணுங்கள், அப்புறம் நடந்து எண்ணுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராகக் காட்டுக்குள் இறங்கினால் எங்கே தொடங்கினோம், எதை விட்டோம் என்பதே பிடிபடாது. படத்தை மட்டும் நம்பினால் வடலிகள் (இளம் பனைகள்) எல்லாம் கணக்கில் இல்லாமல் போகும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர் பக்கத்துக் கிராமங்களில் இளைஞர்களோடும் பனையேறிகளோடும் சேர்ந்து நான் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் நின்ற மரத்துக்கு ஓர் எண்ணும் ஓர் இடமும் எந்தப் பதிவிலும் இல்லையென்றால், செங்கல் சூளைக்குப் போன பிறகு எதைக் காட்டிக் கேட்பது? "இங்கே முப்பது மரம் நின்றது" என்று சொன்னால் "யார் எண்ணினார்கள்?" என்பார்கள். அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு வேலையும்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு சாதாரண மடிக்கணினி, ஒரு ஆண்ட்ராய்டு போன், இணைய இணைப்பு போதும். படம் பார்க்கக் கூகுள் எர்த் ப்ரோ, வரைபடம் வரையக் கியூஜிஐஎஸ், அந்த வரைபடத்தைக் களத்துக்குக் கொண்டுபோகப் போனில் கியூஃபீல்டு ஆகிய மூன்றும் இலவசம்.

எந்தப் படம், எந்த மாதம்

செயற்கைக்கோள் படம் என்றதும் பலர் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-ஐத் தேடிப் போகிறார்கள். ஐந்து நாளைக்கு ஒரு முறை புதுப் படம் இலவசமாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அதில் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு பனையின் கொண்டை நாலைந்து மீட்டர் அகலம்தான். பத்துப் பனை கூடி நின்றாலும் அதில் லேசான பச்சைக் கறையாகத்தான் தெரியும். மரம் எண்ணுவதற்கு அது உதவாது.

தனி மரம் தெரிய வேண்டுமானால் ஒரு புள்ளி அரை மீட்டர் அளவிலாவது இருக்க வேண்டும். கூகுள் எர்த், மைக்ரோசாஃப்டின் பிங், எஸ்ரி நிறுவனத்தின் வேர்ல்டு இமேஜரி மூன்றிலும் நம் பக்கத்துக்கு அந்தத் தரத்தில் படங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேதியின் படம் இருக்கும். ஒன்றில் மேகம் மறைத்த இடம் இன்னொன்றில் தெளிவாக இருக்கும். ஆகவே மூன்றையும் திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதப் படத்தில் ஊரே பச்சையாக இருக்கும். தரையில் புல், வரப்பில் செடி, நடுவில் சீமைக்கருவேலம்; பனையின் பச்சை அதில் கலந்துபோகும். வைகாசி முதல் ஆவணி வரை எடுத்த படமானால் புல் காய்ந்து தரை வெளுத்திருக்கும். தேரி எனப்படும் செம்மணல் மேட்டுக் காட்டில் ஒவ்வொரு பனையும் கரும்பச்சைப் புள்ளியாக எடுப்பாகத் தெரியும். சீமைக்கருவேலம் மட்டும் கோடையிலும் பச்சை மாறாது. அதைப் பிரித்தறியும் வழியைக் கீழே சொல்கிறேன்.

கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய படங்கள் வரிசையாக வரும். அதை இழுத்து இழுத்துப் பார்த்து, கோடை மாதப் படம் ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ரியின் பழைய படங்களை வேபேக் என்ற தளத்தில் 2014 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அங்கே முதலில் கண்ணில் படுவது படத்தை வெளியிட்ட தேதி. எடுத்த தேதி வேறு. படத்தின் மேல் சொடுக்கினால் அது வரும்; அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: எண்ணிய மரங்களை, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் எல்லோருக்கும் பயன்படும்படி ஏற்ற நினைத்தால், கூகுள் படத்தைப் பார்த்து வரையக் கூடாது, உரிமம் இடம் கொடுக்காது. பிங்குக்கும் எஸ்ரிக்கும் அந்த அனுமதி உண்டு. தனி மரத்துக்கும் மரவரிசைக்கும் அங்கே தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. நான் வரைவதை பிங் அல்லது எஸ்ரி மேல் வரைகிறேன். கூகுளின் பழைய படங்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பனையை நிழலில் பிடியுங்கள்

மேலிருந்து பார்க்கும்போது பனை, தென்னை, வேம்பு, சீமைக்கருவேலம் எல்லாம் பச்சைப் புள்ளிகள்தான். பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நிழலைப் பார்க்கப் பழகினால் ஒரு மணி நேரத்தில் கண் தேறிவிடும்.

பனையின் நிழல் மெல்லிய நீண்ட கோடு. அதன் நுனியில் ஓர் உருண்டை. தீக்குச்சியைத் தரையில் கிடத்தியது போல இருக்கும். வேம்புக்கும் புளிக்கும் நிழல் மரத்தை ஒட்டியே ஒரு திட்டாகக் கிடக்கும். சீமைக்கருவேலத்துக்கு நிழல் என்று தனியாக எதுவும் தெரியாது. புதரின் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். தென்னைக்கும் கோட்டு நிழல் உண்டு. ஆனால் அதன் மட்டைகள் நீளமானவை என்பதால் கொண்டை பனையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு அகலம், நட்சத்திரம் போல் விரிந்திருக்கும். அதோடு தென்னந்தோப்பு ஏழரை மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு நிற்கும். பனையை யாரும் அப்படி வைப்பதில்லை. வரப்பிலும் ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் வரிசையாக நிற்கும், இல்லையென்றால் தேரியில் கூட்டமாக நிற்கும்.

இந்தப் படங்களை எடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் காலை பத்தரையை ஒட்டி நம் தலைக்கு மேல் கடக்கின்றன. அப்படிப்பட்ட படங்களில் நிழல் மேற்குப் பக்கம் விழும். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் நிழல் வடமேற்கே போகும். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. நிழல் தென்மேற்கே சாயும். படம் எந்த மாதத்தது என்பதில் சந்தேகம் வந்தால் நிழலே சொல்லிவிடும்.

மரத்தின் இடத்தைக் குறிக்கும்போது புள்ளியைக் கொண்டையின் மேல் வைக்காதீர்கள். நிழல் தொடங்கும் இடத்தில் வையுங்கள். செயற்கைக்கோள் நேர் மேலிருந்து எடுப்பது அரிது, சாய்வாகத்தான் பார்க்கும். 20 மீட்டர் உயரப் பனையை 20 பாகை சாய்வில் எடுத்தால் கொண்டை அடிமரத்திலிருந்து சுமார் 7 மீட்டர் தள்ளித் தெரியும். வரப்பில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு மரம் நிற்கும்போது ஏழு மீட்டர் என்பது மூன்று மரத் தூரம். உங்கள் வரப்பு மரம் படத்தில் பக்கத்துப் புலத்தின் நடுவே நிற்கும். வேறு தேதிப் படத்தில் எதிர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். மரம் நகர்ந்த மாதிரி தோன்றும். அடிமரமோ எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில்தான்.

நிழலை வைத்து உயரமும் கணக்கிடலாம். தரை சமமாக இருந்தால், ஊர் மேல்நிலைத் தொட்டியின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே படத்தில் அதன் நிழல் நீளத்தை அளங்கள். 15 மீட்டர் தொட்டிக்கு 12 மீட்டர் நிழல் என்றால், நிழலை 1.25-ஆல் பெருக்கினால் உயரம். அதே படத்தில் எல்லா மரத்துக்கும் அதே பெருக்கல்தான். பனைக்கு உயரம் மிகவும் தேவை. மற்ற மரங்களைப் போல வருடத்துக்கு வருடம் பனையின் அடி பருப்பதில்லை. ஆகவே மார்பளவில் நாடா பிடித்துச் சுற்றளவு எழுதும் வழக்கம் பனையின் வயதைப் பற்றி எதுவும் சொல்லாது.

தலை போன மொட்டைப் பனைகளும் நிழலில்தான் சிக்கும்: கோடு இருக்கும், நுனியில் உருண்டை இருக்காது. அதைத் தனியாகக் குறியுங்கள்.

கணினியில் வரைவது

கியூஜிஐஎஸ்ஸில் புதுத் திட்டம் தொடங்கியதும் ஆயமுறையை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையை, அமைத்துவிடுங்கள். இங்கே நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. யூடிஎம் என்ற ஆயமுறை உலகை மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் 43-ஐயும் 44-ஐயும் பிரிப்பது 78 பாகைத் தீர்க்கரேகை. அது சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே போகிறது. சாத்தான்குளம் 43-ல், உடன்குடியும் திருச்செந்தூரும் 44-ல். இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்து வைக்கும்போது ஆளுக்கொரு மண்டலத்தில் செய்திருந்தால் வரைபடம் குழம்பிவிடும். இபிஎஸ்ஜி 32644 என்ற குறியீட்டை, அதாவது 44-ஆம் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா ஊருக்கும் அதையே வையுங்கள். மண்டலத்தின் ஓரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவு நீளப் பிழை வரும். மரம் எண்ண அது ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் கட்டம் போடுங்கள். வெக்டர் பட்டியலில் ரிசர்ச் டூல்ஸ், அதில் கிரியேட் கிரிட். 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு கட்டம் ஒரு ஹெக்டேர். கட்டம் இல்லாமல் படத்தின் மேல் அலைந்து திரிந்து எண்ணினால் கண் பசுமையான இடத்துக்கே போகும். வெட்டவெளியில் ஒற்றையாக நிற்கும் மரம் விடுபடும். ஒரு கட்டத்தை முடித்ததும் அதற்கு "முடிந்தது" என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மரமே இல்லாத கட்டத்துக்கும் பூஜ்யம் என்று எழுதுங்கள். பார்த்து இல்லாததும் பார்க்காமல் விட்டதும் வேறு வேறு.

மரங்களை ஜியோபேக்கேஜ் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் புள்ளிகளாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண், படத்தின் தேதி, குறித்தவர் பெயர், உறுதி எவ்வளவு என்ற நான்கும் போதும். உறுதிக்கு "நிச்சயம்", "இருக்கலாம்" என்ற இரண்டே வகை வைத்திருக்கிறேன். ஐந்து வகை வைத்தால் ஆளாளுக்கு ஒரு விதமாகப் போடுவார்கள். நெருக்கமான வரப்பு வரிசைகளில் தனிப் புள்ளிக்குப் பதில் ஒரு கோடு வரைந்து, அதில் எத்தனை மரம் என்று எழுதுங்கள். இதன் அருமை களத்தில் தெரியும்.

புல எண்

வருவாய்த் துறையின் புலப்படம் (புல எண், அதாவது சர்வே எண் வாரியாக நில எல்லையைக் காட்டும் படம்) இணையத்திலேயே கிடைக்கிறது. அதை, படத்தைத் தரையின் சரியான இடத்தோடு பொருத்தும் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சரில் ஏற்றி, படத்தில் தெளிவாகத் தெரியும் வரப்பு முனைகள், சாலைத் திருப்பம் என்று நாலு மூலைக்கும் பரவலான புள்ளிகளைப் பொருத்துங்கள். ஒரே மூலையில் நாலையும் வைத்தால் எதிர் மூலை இழுத்துக்கொள்ளும்.

இப்படிப் பொருத்தினாலும் நாலைந்து மீட்டர் பிசகு இருக்கத்தான் செய்யும். ஆகவே வரப்பு மரம் யாருடையது என்பதை வரைபடத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டு புல எண்ணையும் எழுதி "வரப்பு" என்று போட்டுவிடுங்கள். நாம் மரத்தைக் காக்க வந்திருக்கிறோம்; ஊரில் எல்லைத் தகராறு கிளப்ப வரவில்லை. புறம்போக்கு, குளக்கரை, ஓடைக்கரை மரங்களை மட்டும் தெளிவாகப் பிரித்துவிடுங்கள். வெட்டு முதலில் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

நடை

எல்லாக் கட்டத்துக்கும் நடந்து போக முடியாது, போகவும் வேண்டாம். ரிசர்ச் டூல்ஸில் ரேண்டம் செலக்‌ஷன் இருக்கிறது. அது தேர்ந்தெடுக்கும் கட்டங்களுக்குப் போங்கள். சாலையோரக் கட்டங்களாக நாமே பொறுக்கினால் முடிவு கோணிவிடும். சாலையோரத்தில் மரம் குறைவு, உள்ளே அதிகம். சில ஊரில் நேர்மாறு. சீமைக்கருவேல முள்ளுக்குள் விழுந்த கட்டத்தை "அடுத்ததைப் பார்ப்போம்" என்று மாற்றவும் கூடாது. வடலிகள் ஒளிந்திருப்பது அந்த முள்ளுக்குள்தான்.

கோப்பைக் கியூஃபீல்டில் ஏற்றிக்கொண்டால் போனில் நம் இடமும் நாம் குறித்த மரங்களும் படத்தோடு தெரியும். போன் காட்டும் இடம் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் தவறும். வரப்பில் அடுத்தடுத்து நிற்கும் மரங்களில் எது எது என்று அதனால் சொல்ல முடியாது. இங்கேதான் அந்தக் கோடு உதவுகிறது. வடக்கு முனையிலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட்டுக்கொண்டே போங்கள். கிழக்கு மேற்காகப் போகும் வரப்பானால் கிழக்கிலிருந்து. போன் வழி தவறினாலும் "இந்த வரப்பில் வடக்கிலிருந்து ஏழாவது" என்பது தவறாது.

களத்தில் ஒரு மரத்துக்கு எழுதுவது: ஆணா பெண்ணா, ஏறுகிறார்களா, ஓலை வெட்டியிருக்கிறதா, உயரம், அடியில் தீக்காயமோ வெட்டுக்காயமோ உண்டா, ஒரு புகைப்படம். பாளை விடாத மரத்தில் ஆண் பெண் தெரியாது. பனை பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும். தெரியாததைத் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். வடலிகளைத் தனித்தனியாக அல்லாமல் கட்டத்துக்கு இத்தனை என்று எண்ணினால் போதும்.

பனையேறி ஒருவர் உடன் வராமல் இந்த நடையைத் தொடங்காதீர்கள். நான் படத்தில் ஒரு வரிசையின் நடுவே இரண்டு கொண்டை சிறுத்திருப்பதைக் காட்டி, "அண்ணாச்சி, இது ரெண்டும் இளசா, நோயா?" என்று கேட்டேன். அவர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது ரெண்டும் நான் ஏறுற மரம் தம்பி. ஓலை கழிச்சிருக்கேன், பாளை கட்டணும்ல. மத்ததுல ஆள் ஏறி வருசமாச்சு, அதான் காய்ஞ்ச காவோலை தொங்குது" என்றார். அன்றிலிருந்து கோடைப் படத்தில் சிறுத்த கொண்டை என்றால் ஏறும் மரமாக இருக்கலாம் என்று ஒரு குறி வைக்கிறேன். நடந்து பார்த்து உறுதி செய்கிறேன். பதநீர் இறக்கும் காலத்துப் படமும் அது முடிந்து மாதங்கள் கழித்து எடுத்த படமும் இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவு. அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அவர் அறிவு இலவசமாகக் கிடைக்கும் தரவு இல்லை.

திருத்தக் கணக்கு

இனி இரண்டு எண்ணிக்கையையும் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, நடந்து பார்த்த கட்டங்களில் படத்தில் குறித்தது மொத்தம் 412, நேரில் கண்ட வளர்ந்த மரங்கள் 463 என்று வைத்துக்கொள்வோம். 463-ஐ 412-ஆல் வகுத்தால் சுமார் 1.124. ஊர் முழுக்கப் படத்தில் எண்ணியது 3,000 என்றால், உண்மையில் 3,370-ஐ ஒட்டி இருக்கும். வடலிகளை இதில் கலக்காதீர்கள். ஹெக்டேருக்கு இத்தனை என்று தனியாகச் சொல்லுங்கள்.

தேரியையும் வயல்காட்டையும் ஒரே விகிதத்தில் திருத்தக் கூடாது. தேரியில் கூட்டமாக நிற்கும் இடத்தில் கொண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படத்தில் மூன்றாகத் தெரிவது நேரில் ஐந்தாக இருக்கும். வயல் வரப்பில் தப்புவது குறைவு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டம் தேர்ந்து, தனித்தனியாக விகிதம் போடுங்கள். அறிக்கையில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: படத்தில் குறித்தது இத்தனை, திருத்திய மதிப்பீடு இத்தனை. முதலாவது மரத்துக்கு மரம் விரல் வைத்துக் காட்டக்கூடியது. இரண்டாவது கணக்கிட்டு வந்த மதிப்பு. அதிகாரி முன்னால் போய் நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ட்ரோனும் தானியங்கியும்

ட்ரோன் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு குளக்கரை, ஒரு தேரித் துண்டு என்று சிறிய இடத்தை நுணுக்கமாகப் பார்க்க நல்லது. கொண்டைகள் ஒட்டியிருக்கும் இடத்தில் அதைவிடத் தெளிவு கிடையாது. முழு ஊருக்குத் தேவையில்லை. பறக்கவிடும் முன் 2021-ன் ட்ரோன் விதிகளைப் படித்து, அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். தூத்துக்குடி விமான நிலையமும், குலசேகரப்பட்டினத்தில் எழும் ராக்கெட் ஏவுதளமும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனி, ஆடியில் காற்று பிடிக்கும் முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஓலை ஆடினால் படங்களை ஒட்டும்போது கொண்டை கலங்கிவிடும். ஒட்டுவதற்கு வெப்ஓடிஎம் என்ற மென்பொருள் போதும். படங்கள் ஒன்றன் மேல் ஒன்று நான்கில் மூன்று பங்காவது படிய வேண்டும்.

மரத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் உண்டு. டீப்ஃபாரஸ்ட் அதில் பெயர் பெற்றது. ஆனால் அது அமெரிக்கக் காடுகளின் வான்படங்களில் பழகியது. நம் பனையை அதற்குக் கற்றுக்கொடுக்க எப்படியும் சில ஆயிரம் மரங்களைக் கையால் குறிக்க வேண்டும். ஒரு ஊர் என்றால் கையாலேயே முடித்துவிடுங்கள். ஒரு வட்டம் முழுக்க என்றால் அப்போது யோசிக்கலாம்.

ஊரிடம் கொடுப்பது

வரைபடத்தைப் புல எண்ணோடு பெரிய தாளில் அச்சிட்டுக் கிராம சபையில் வையுங்கள். பெரியவர்கள் விரல் வைத்துத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தை அங்கேயே பேனாவால் குறித்து, பிறகு கோப்பில் ஏற்றுங்கள். தீர்மானத்தில் எண்ணிக்கையும் படத்தின் தேதியும் ஏற வேண்டும். நில உடைமையாளர் பெயர்களை இணையத்தில் போடாதீர்கள். மர வியாபாரிக்கு நாமே பட்டியல் தயாரித்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

அடுத்த ஆண்டு அதே மாதத்தை ஒட்டிய புதுப் படம் வந்ததும், பழைய புள்ளிகளை அதன் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிழல் இருந்தால் மரம் இருக்கிறது. இல்லாத மரத்தின் எண்ணை அழிக்காதீர்கள், வேறு மரத்துக்கும் கொடுக்காதீர்கள். அதன் எதிரே "இல்லை" என்று எழுதி, கடைசியாகத் தெரிந்த படத்தின் தேதியையும் காணாமல் போன படத்தின் தேதியையும் போடுங்கள். மனு எழுத உட்காரும்போது முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு தேதிகள்தான்.